லேடாங் மலை ஏறிய வாலஸ்

மலாக்கா, ஜொகூர் எல்லையில் உள்ள தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்குக் குனோங் லேடாங் மலை புதிதல்ல. மூட்டம் இல்லாத நாளில் பெரட்டுக்கு நிற்கும்போது தலையை நிமிர்த்தினால் நீலமாகத் தெரியும். லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதன் அடிவாரத்து அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். 1,276 மீட்டர் உயரம். உச்சிவரை ஏறியவர்கள் கொஞ்சம்தான்.

1854ஆம் ஆண்டில் அந்த மலையில் ஒரு வெள்ளைக்காரர் ஏறினார். அவர் துரையும் இல்லை, பட்டாளத்துக்காரரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. கையில் பூச்சி பிடிக்கும் வலை, மூக்கில் கண்ணாடி, முகம் நிறையத் தாடி. கூடவே மூட்டை சுமக்க ஆறு மலாய்க்காரர்கள். காட்டில் அட்டை கடித்துக் கால் முழுக்க ரத்தம். வழியில் யானைத்தடம் பார்த்தார், காண்டாமிருகத்தின் தடம் பார்த்தார். ஒரு வாரம் மலையிலேயே தங்கினார். அதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்புதான் காய்ச்சலில் விழுந்து, மலாக்கா டாக்டர் கொடுத்த கொய்னா மருந்தைக் குடித்துவிட்டு எழுந்திருந்தார். அந்தக் கசப்பு நம் தாத்தா பாட்டிமாருக்கு நன்றாகத் தெரியும்.

அவர் பெயர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். பள்ளிக்கூடத்தில் டார்வின் பெயரைப் படித்த பிள்ளைகள் இருப்பார்கள். உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தன என்ற கொள்கைக்கு டார்வின் சொன்ன அதே காரணத்தைத் தனியாகக் கண்டுபிடித்தவர் இந்த வாலஸ். ஆனால் கொள்கையை விளக்க நான் உட்காரவில்லை. கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்களின் வம்சம் நாம். கடல் தாண்டிப் போன ஒருவர் வழியில் யாரையெல்லாம் இழந்தார், யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டார் என்று சொல்லத்தான் வந்தேன்.

வாலஸ் பிறந்தது 1823 ஜனவரி 8ஆம் தேதி, வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்ற சிற்றூரின் பக்கத்தில். ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது. அப்பா ஒரு காலத்தில் கையில் கொஞ்சம் பணம் வைத்திருந்த மனிதர்தான். போட்ட முதலெல்லாம் தப்பான இடத்தில் போட்டுக் கரைந்துவிட்டது. வீடு மாறி வீடு மாறி, வாடகை குறைந்த ஊராகத் தேடிப் போன குடும்பம். பதினான்கு வயதில் பையனின் படிப்பு நின்றது. அத்தோடு சரி. சர்வகலாசாலை வாசலை மாணவராக அவர் மிதித்ததே இல்லை.

படிப்பு நின்ற பையனை அண்ணன்மார்தான் தாங்கினார்கள். தச்சு வேலை பழகிக்கொண்டிருந்த ஜான் அண்ணனிடம் லண்டனில் கொஞ்ச நாள். பிறகு மூத்த அண்ணன் வில்லியத்தோடு நில அளவை வேலை. சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வயல், மேடு, பள்ளம் எல்லாம் நடக்கிற வேலை அது. வானம்தான் கூரை. அந்த நடையில்தான் செடிகொடிகளின் மேல் பையனுக்கு ஆசை பிறந்தது. ஒரு சின்னப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, வழியில் கண்ட பூவுக்கெல்லாம் பெயர் கண்டுபிடிக்கத் தொடங்கினார். இன்னொன்றும் அப்போது கண்ணில் பட்டது. ஊருக்குப் பொதுவாகக் கிடந்த மேய்ச்சல் நிலத்தைப் பணக்காரர்கள் சட்டப்படி வேலி போட்டு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அளந்து கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். வயதான பிறகு அதை நினைத்து மனம் கசந்து எழுதினார். நிலம் எல்லாருக்கும் பொது, அரசாங்கத்தின் கையில் இருக்க வேண்டும் என்று 1881இல் ஒரு சங்கமே அமைந்தபோது அதற்குத் தலைவராக இருந்தார். தோட்டத் துண்டாடலில் லயத்தைக் காலி செய்து வெளியேறிய குடும்பங்களுக்கு இந்த மனிதரின் கோபம் புரியும்.

1843இல் அப்பா இறந்தார். 1845இல் வில்லியம் அண்ணன் இறந்தார். குடும்பப் பாரம் தலையில் விழுந்த நேரத்தில், லெஸ்டர் நகரத்து நூலகத்தில் பழக்கமான பேட்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து ஒரு யோசனை செய்தார். தென்னமெரிக்காவின் அமேசான் காட்டுக்குப் போவது, பூச்சியும் பறவையும் பிடித்துப் பாடம் செய்து லண்டனுக்கு அனுப்புவது, விற்ற காசில் சாப்பிடுவது. கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதல்லவா? ஆனால் அந்தக் காலத்தில் அரும்பொருட்காட்சி சாலைகளும் பணக்காரர்களும் இதற்கு விலை கொடுத்தார்கள். 1848இல் இருவரும் கப்பல் ஏறினார்கள். வாலஸுக்கு அப்போது வயது இருபத்தைந்து.

இந்த இடத்தில் நம் கதையும் வந்து தொட்டுக்கொள்கிறது. நாம் கும்பிடாத குறையாக நம்பிய பால்மரத்தின் தாய்வீடு அமேசான் காடுதான். வாலஸ் இங்கே வந்தபோது மலாயாவில் அந்த மரம் ஒன்றுகூட இல்லை. பிரேசில் விதையில் முளைத்த கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது 1877இல்தான். ஆனால் பாரா பக்கத்துக் காட்டில் அந்த நாட்டு மக்கள் பால் எடுப்பதை வாலஸ் அப்போதே பார்த்து எழுதி வைத்தார். மரத்தில் கீறல் போட்டு, அடியில் மங்குக்குப் பதிலாகச் சின்னக் களிமண் கிண்ணத்தை ஒட்டி வைத்து, வடிந்த பாலைக் களிமண் அச்சின் மேல் பூசிப் புகையில் காட்டிக் காய வைப்பார்களாம். உளியும் நிரையும் தண்டலும் இல்லாத பால்வெட்டு!

மறுவருஷம் கடைசித் தம்பி ஹெர்பர்ட்டும் அங்கே வந்து சேர்ந்தான். அண்ணனுக்கு ஒத்தாசையாக இருக்கலாம், தனக்கும் ஒரு வழி பிறக்கும் என்ற எண்ணம். வந்த பிறகுதான் தெரிந்தது, அவனுக்குக் காட்டு வேலை சரிப்பட்டு வரவில்லை. பூச்சி பிடிப்பதில் மனம் போகவில்லை. ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று முடிவு செய்து, கப்பல் பிடிக்கப் பாரா துறைமுகத்துக்கு இறங்கி வந்தான். வாலஸ் ஆற்றின் மேல்பக்கம், பல நூறு மைல் தள்ளி, ரியோ நீக்ரோ காட்டுக்குள் போய்விட்டார்.

துறைமுகத்தில் மஞ்சள் காய்ச்சல். கப்பலுக்குக் காத்திருந்த நேரத்தில் அது ஹெர்பர்ட்டைப் பிடித்தது. பேட்ஸ் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். பிறகு அவருக்கும் அதே காய்ச்சல். 1851 ஜூன் 8ஆம் தேதி தம்பி போய்விட்டான். வயது இருபத்திரண்டு.

அண்ணனுக்குக் கிடைத்த கடிதத்தில் தம்பி ஆபத்தான நிலையில் இருக்கிறான் என்றுதான் இருந்தது. பிழைத்தானா, இல்லையா? அடுத்த கடிதம் இல்லை. அந்த நேரம் பார்த்து வாலஸையும் காய்ச்சல் படுக்கையில் தள்ளியது. எழுந்து நடக்க மாதங்கள் ஆயின. தம்பியின் முடிவு தெரிந்தபோது எல்லாம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது.

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த காலத்தில் இப்படித்தானே நடந்தது? ஊரில் தாய் இறந்த செய்தி, கருமாதி முடிந்த பிறகு இங்கே லயத்துக்கு வரும். இங்கே மலேரியாவில் மகன் போன செய்தி அங்கே போவதற்குள் புதைகுழியில் புல் முளைத்திருக்கும். ரியோ நீக்ரோ கரையில் வாலஸ் பட்ட வேதனையை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1852 ஜூலையில் அவர் ஊருக்குக் கிளம்பினார். நான்கு வருஷத்து உழைப்பு முழுக்கப் பெட்டிகளில். உயிருள்ள குரங்குகள், கிளிகள் வேறு. நடுக்கடலில், ஆகஸ்டு 6ஆம் தேதி, ஹெலன் என்ற அந்தக் கப்பல் தீப்பிடித்தது. ஒரு தகரப் பெட்டியில் கொஞ்சம் படங்களையும் குறிப்புகளையும் மட்டும் வாரிப் போட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்துப் படகில் இறங்கினார். கயிறு வழுக்கி உள்ளங்கைத் தோல் உரிந்தது. கண் முன்னாலேயே எல்லாம் எரிந்தது. குரங்கு, கிளி எல்லாம் போய், தண்ணீரில் விழுந்த ஒரே ஒரு கிளியைத்தான் எடுக்க முடிந்தது. திறந்த படகில் பத்து நாள் வெயிலில் கிடந்த பிறகு ஒரு சரக்குக் கப்பல் அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டது. லண்டனில் இருந்த முகவர் ஸ்டீவன்ஸ் முன்யோசனையாக 200 பவுனுக்கு இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருந்தார். அது இல்லையென்றால் வாலஸ் கையேந்தி நின்றிருப்பார்.

வேறு யாராக இருந்தாலும் கடலைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். தம்பியைக் கொடுத்த தாய், இந்த மகனையாவது வீட்டில் இரு என்று தடுத்திருந்தால் குற்றம் சொல்ல முடியுமா? இவரோ ஒன்றரை வருஷத்தில் மறுபடியும் கிளம்பிவிட்டார். சூயஸ் கால்வாய் இன்னும் வெட்டாத காலம். எகிப்தைத் தரைவழியாகக் கடந்து, மறுபடி கப்பலேறி, 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கினார். கூடவே சார்லஸ் என்ற லண்டன் பையன், உதவிக்கு.

புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வீட்டில் தங்கினார். அங்கிருந்து அம்மாவுக்குத் தன் ஒரு நாள் பொழுதை அப்படியே எழுதி அனுப்பினார். ஐந்தரைக்கு எழுந்து குளித்துக் காப்பி குடிப்பது, முந்தின நாள் பூச்சிகளை ஒழுங்குபடுத்துவது, எட்டு மணிக்குப் பசியாறிவிட்டு ஒன்பதுக்குக் காட்டுக்குப் போவது, பிற்பகல் திரும்புவது. கிட்டத்தட்ட நம் பால்வெட்டு நேரம்தான், நம்மைவிடக் கொஞ்சம் தாமதமாக எழுந்திருக்கிறார்! அக்காள் ஃபேனிக்கு எழுதும்போது வேறு ராகம். இந்தச் சார்லஸுக்கு ஒரு பூச்சியை நேராகக் குத்தி வைக்கத் தெரியவில்லை, எத்தனை முறை சொன்னாலும் கோணல்தான் என்று ஒரே புலம்பல். காட்டில் புலி உண்டு. புலிக்கு வெட்டி, இலை தழை போட்டு மூடிய குழிகளும் உண்டு. எதில் விழுவோம் என்று தெரியாது.

அந்தக் காட்டில், ஒரு சதுர மைல்கூட இல்லாத இடத்தில், இரண்டு மாதத்தில் 700 வகை வண்டு பிடித்தார். எப்படி முடிந்தது? அங்கே சீனத் தொழிலாளர்கள் மரம் வெட்டிப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிச் சாய்த்த மரத்தையும் மரத்தூளையும் தேடி வண்டுகள் வந்தன. வண்டுகளைத் தேடி வாலஸ் வந்தார். சரவாக்கிலும் இதே கதைதான். 1855இல் சிமுஞ்சோன் ஆற்றுப் பக்கம் நிலக்கரி தோண்டக் காடு அழிக்கும் வேலை நடந்தது. வேலைக்காரர்களான சீனரும் டாயாக்கியரும் கொண்டுவரும் ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு காசு தருவதாகச் சொன்னார். குவிந்துவிட்டது. ஒரே நாளில் 76 வகை வண்டு, அதில் 34 அவர் அதுவரை பார்க்காதவை. கால்விரல்களுக்கு நடுவே அகலமாகத் தோல் விரிந்து, உயரமான மரத்திலிருந்து சறுக்கிப் பறந்து இறங்கும் ஒரு தவளையைச் சீனத் தொழிலாளி ஒருவர்தான் அவரிடம் கொண்டுவந்தார். இன்று உலகம் அதை வாலஸ் பறக்கும் தவளை என்கிறது. கொண்டுவந்தவரின் பெயர் எங்கும் பதியப்படவில்லை. இருந்தாலும் ஒரு சீனத் தொழிலாளி கொண்டுவந்தார் என்பதை மறைக்காமல் எழுதினாரே, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரவாக்கில்தான் அந்தக் குட்டி. வாலஸ் ஓராங் ஊத்தான்களைச் சுட்டார். ஒன்றல்ல, பல. தோலும் எலும்பும் விற்றுத்தான் அவர் பிழைப்பு. ஒருநாள் சுட்டு விழுந்த தாய்க்குப் பக்கத்தில், சேற்றில் முகம் புதைய ஒரு குட்டி கிடந்தது. பல்கூட முளைக்காத பச்சைக் குழந்தை. தூக்கியதும் அவர் தாடியை இறுகப் பிடித்துக்கொண்டது, விடுவிக்கவே முடியவில்லை. அந்தப் பக்கம் பால் கிடைக்காது. கஞ்சித்தண்ணீர் கொடுத்தார், சில நேரம் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் கலந்தார். தினமும் குளிப்பாட்டித் துடைத்துவிட்டார். பெட்டியில் தொட்டில் மாதிரி செய்து படுக்க வைத்தார். தாயின் நினைவுக்குக் கட்டிக்கொள்ளட்டும் என்று எருமைத் தோலைச் சுருட்டிப் பொம்மைத் தாய் செய்து கொடுத்தார். அது ரோமத்தை வாயில் போட்டுத் திணறவே எடுத்துவிட்டார். துணைக்கு ஒரு சின்னக் குரங்கு வாங்கி விட்டார். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் தனக்குக் கிடைத்த குழந்தையைப் பற்றிப் பெற்ற தகப்பன்போலப் பெருமை அடித்துக்கொண்டார்.

மூன்று மாதத்தில் குட்டி செத்துப்போனது. அவர் வருந்தினார். வருந்திக்கொண்டே அதன் தோலையும் எலும்பையும் பாடம் செய்து வைத்துக்கொண்டார்.

இதை நான் மழுப்ப விரும்பவில்லை. காட்டை நேசித்தவர்தான், அந்தக் காட்டைச் சுட்டவரும் அவர்தான். அவருக்கே இந்த முரண்பாடு உறுத்தியது. 1857இல் ஆரூ தீவில் செக்கச் சிவந்த ராஜ சொர்க்கப் பறவை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் யோசித்தார். இத்தனை அழகு யார் கண்ணிலும் படாமல் தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டில் இருந்திருக்கிறது. நாகரிக மனிதர்கள் இங்கே வந்து சேர்ந்தால், யார் இதன் அழகைப் புரிந்துகொள்ளக் கூடியவர்களோ அவர்களாலேயே இது அழியும். இந்த எண்ணத்தைப் புத்தகத்திலும் எழுதினார்.

இனி அலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1855 கடைசியில், சரவாக்கில், சமையலுக்கும் மலாய் மொழி பழகுவதற்கும் என்று பதினைந்து வயது மலாய்ப் பையன் ஒருவனை வாலஸ் வேலைக்கு வைத்தார். சமையல்காரனாக வந்த அலி துப்பாக்கி பிடிக்கக் கற்றான், பறவைத் தோல் உரிக்கக் கற்றான், படகு தள்ளினான், மற்ற ஆட்களை வேலை வாங்கினான். வாலஸ் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் அவனே. பாலி, லொம்போக், மக்காசார், ஆரூ, தெர்னாத்தே என்று வருஷக்கணக்கில் ஒரே படகு, ஒரே பானைச் சோறு. பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே சின்னக் கடல்தான். ஆனால் இந்தப் பக்கத்துப் பறவை வேறு, அந்தப் பக்கத்துப் பறவை வேறு என்று 1856இல் வாலஸ் கண்டார். ஆசிய விலங்குகளுக்கும் ஆஸ்திரேலிய விலங்குகளுக்கும் நடுவே இப்படி ஓடும் எல்லையை இன்றும் வாலஸ் கோடு என்றே சொல்கிறார்கள்.

1858இல் பச்சான் தீவில் ஒரு நாள், மார்பில் பச்சை ஒளி வீச, இறக்கையிலிருந்து நீண்ட வெள்ளை இறகுகள் கிளம்பி நிற்கும் ஒரு விசித்திரப் பறவையைச் சுட்டுக்கொண்டு வந்தது அலி. அதுவரை விஞ்ஞானம் அறியாத சொர்க்கப் பறவை. அதற்கும் வாலஸ் பெயர்தான் வைத்தார்கள். எட்டு வருஷத்தில் வாலஸ் சேர்த்தவை மொத்தம் 1,25,660. அதில் பறவைகள் மட்டும் 8,050. அந்தப் பறவைகளில் பெரும்பங்கு அலியின் கைவேலை என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அதே 1858 பிப்ரவரியில், தெர்னாத்தே பக்கம் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தபோதுதான் அந்தப் பெரிய எண்ணம் வாலஸுக்கு உதித்தது. பிறக்கிற உயிர்களில் பெரும்பாலானவை செத்துப்போகின்றனவே, எவை தப்புகின்றன? சூழ்நிலைக்குப் பொருந்தியவை. அவற்றின் வழி வம்சம் மாறுகிறது. எழுந்து உட்கார்ந்து எழுதி, டார்வினுக்கே அனுப்பினார். டார்வினோ இதையே இருபது வருஷமாக மனதில் வைத்து மறுகிக்கொண்டிருந்தவர். 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டனில் இருவர் எழுத்தும் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. வாலஸிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்கிற தூரத்திலும் அவர் இல்லை. இதில் அவருக்கு அநியாயம் நடந்ததா என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. அவர் செய்தது என்ன தெரியுமா? பெரிய விஞ்ஞானிகள் தனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்று அம்மாவுக்குச் சந்தோஷமாகக் கடிதம் போட்டார். பின்னாளில் தானே எழுதிய புத்தகத்துக்கும் டார்வினின் பெயரையே வைத்தார்.

1862இல் சிங்கப்பூரில் வாலஸும் அலியும் பிரிந்தார்கள். பணமும் இரண்டு துப்பாக்கிகளும் மருந்தும் அலிக்குக் கொடுத்தார். அலி வெள்ளைக்காரர் உடுப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அதற்குள் தெர்னாத்தேயில் கல்யாணமும் செய்துகொண்டவர், இனி அவன் இவன் என்று எழுதக்கூடாது. பட்டணத்துப் படக்கடையில் இரவல் கோட்டை மாட்டிக்கொண்டு, ஊருக்கு அனுப்பப் படம் எடுத்த நம் அப்பாமார்களின் முகம் எனக்கு ஞாபகம் வருகிறது.

வாலஸ் இரண்டு உயிருள்ள சொர்க்கப் பறவைகளோடு ஊருக்குப் போனார். அவை தின்பதற்குக் கரப்பான் பூச்சி வேண்டும். கப்பலில் கிடைக்கவில்லை என்றதும் மால்டாத் துறைமுகத்தில் இறங்கி, ஒரு ரொட்டிச் சுடுகிற கூடத்தில் டின் டின்னாகப் பிடித்துக்கொண்டு வந்தார். லண்டன் மிருகக்காட்சி சாலைக்குப் பறவைகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன.

பிறகு வந்தது குடும்ப வாழ்க்கை. அக்காள் ஃபேனி வீட்டில், அம்மாவோடு இருந்துகொண்டு புத்தக வேலையைத் தொடங்கினார். பேசி முடித்த ஒரு கல்யாணம் முறிந்து மனம் உடைந்தது. 1866இல் ஆனி என்ற பெண்ணை மணந்தார். மாமனார் பாசி வகைகளில் பெரிய நிபுணர், மகளுக்கும் பூ என்றால் உயிர். தோட்டம் போடுவதும் மலையில் செடி தேடுவதுமாகத்தான் இருவர் வாழ்க்கையும் ஓடியது. மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு ஒரு தத்துவ அறிஞரின் பெயரை வைத்து ஹெர்பர்ட் என்று கூப்பிட்டார்கள். அமேசானில் போன தம்பியின் பெயரும் அதுதானே.

அந்த ஹெர்பர்ட் 1874இல், ஏழு வயது நிறையும் முன்பே போய்விட்டான். மகள் வயலட்டும் மகன் வில்லியமும் மிஞ்சினார்கள்.

1869இல் வெளிவந்த அவருடைய மலாய்த் தீவுகள் புத்தகம் புகழ் கொடுத்தது. நிரந்தர வேலை கொடுக்கவில்லை. அப்பாவைப் போலவே பணத்தைத் தப்பான இடத்தில் போட்டு இழந்தார். கேட்ட உத்தியோகங்கள் கைநழுவின. பரீட்சைத் தாள் திருத்திச் சம்பாதித்தார். கடைசியில் டார்வின் முன்னின்று, 1881இல் அரசாங்கத்திடமிருந்து வருஷம் 200 பவுன் உதவித்தொகை வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் அடுப்பு கவலையில்லாமல் எரிந்தது.

1887இல் ஒரு சந்திப்பு. லண்டனில் தன்னைத் தாங்கிய அந்தத் தச்சர் அண்ணன் ஜான், 1849இலேயே தங்கம் தேடும் கூட்டத்தோடு கலிபோர்னியாவுக்குப் போனவர். அமெரிக்காவில் சொற்பொழிவு செய்யப் போன தம்பி, ஏறத்தாழ முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணனைக் கண்டார். அங்கிருந்து ஆயிரக்கணக்கான வயதுள்ள ராட்சத மரங்களின் காட்டுக்கும் போய், அவற்றின் அடிமரத்தை அளந்து பார்த்தார். நில அளவைக்காரரின் கை சும்மா இருக்குமா?

கடைசிக் காலம் டார்செட் மாவட்டத்தில் பிராட்ஸ்டோன் என்ற ஊரில், தானே கட்டிய வீட்டில், தோட்டச் செடிகளுக்கு நடுவே கழிந்தது. 1913 நவம்பர் 7ஆம் தேதி, தொண்ணூறாவது வயதில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். கல்லாக இறுகிப்போன ஒரு பழங்காலத்து மரத்தின் அடித்துண்டைக் கல்லறை மேல் நட்டு வைத்திருக்கிறார்கள். மறுவருஷமே ஆனியும் போய்விட்டார். நம் நாட்டுக் காட்டாற்று ஓரங்களில் கறுப்பும் பச்சையுமாகப் பறக்கும் பெரிய பட்டாம்பூச்சி ஒன்று உண்டல்லவா, ராஜா புரூக் என்று பெயர்? அந்தப் பெயரை 1855இல் வைத்தவர் அவர்தான்.

அலி கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். 1907ஆம் ஆண்டு, பார்பர் என்ற இளம் அமெரிக்க விலங்கியலாளர் மனைவியோடு தெர்னாத்தே போயிருந்தார். பூச்சி வலையும் துப்பாக்கியுமாக ஆட்களோடு தெருவில் நடந்தபோது, முகமெல்லாம் சுருங்கிய ஒரு மலாய்க் கிழவர் வழிமறித்தார். தலையில் சாயம் போன நீலத் தொப்பி. தன் பெயர் அலி வாலஸ் என்று சொன்னார்.

சிங்கப்பூரில் பிரிந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. நம்மவர் அப்பா பெயரைப் பின்னால் சேர்ப்பதுபோல, அந்தப் பெயரை அவர் தன் பெயரோடு சேர்த்து வைத்திருந்தார். எந்தச் சட்டமும் கேட்கவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை.

பார்பர் அவரைப் படம் எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். எண்பத்து நான்கு வயது வாலஸ் பதில் எழுதினார். மலேரியாவில் தான் சாகக் கிடந்தபோது அலி பக்கத்தில் இருந்து காப்பாற்றிய நாட்களை அதில் நினைத்து நினைத்து எழுதியிருந்தாராம். அந்தக் கடிதத்தைப் பார்பர் எங்கோ தொலைத்துவிட்டார். கடைசிவரை அதற்காக வருந்தினார். சிங்கப்பூரில் எடுத்த பழைய படம் மட்டும் வாலஸ் 1905இல் வெளியிட்ட சுயசரிதையில் இருக்கிறது. கோட்டு போட்டு நிற்கிறார் அலி.